புகாருக்குப் பிறகு கூடப் போகிறவர்கள்

கர்ப்பப் பதிவுக்கு வரும் பெண்ணிடம் கிராம சுகாதார செவிலியர் முதலில் பெயர் கேட்பார், அடுத்து வயது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் கூட வந்த மாமியாரோ அம்மாவோ முந்திக்கொள்வார்கள். "பத்தொன்பது முடிஞ்சிருச்சு சிஸ்டர்." ஆதார் அட்டை வீட்டில் இருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இன்னும் பள்ளியிலேயே கிடக்கும். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமை முதலில் வெளியே தெரியவருவது பல நேரங்களில் துணை சுகாதார நிலையத்தின் இந்த மேசையில்தான்.

எல்லாமே கர்ப்பமாக வந்து நிற்பதில்லை. திரும்பத் திரும்ப வயிற்று வலி என்று வரும் எட்டு வயதுக் குழந்தை, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று சொல்லும் குழந்தை, படுக்கையை நனைப்பதை விட்டு வருடக்கணக்கான பிறகு மறுபடி நனைக்கத் தொடங்கியவள், ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பக்கம் போகச் சொன்னால் மட்டும் அழுகிறவள். பையன்களும் இதில் உண்டு. மலம் கழிக்கப் பயந்து அடக்கிக்கொள்ளும், பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே மறுக்கும் பையனை 'அடம்பிடிக்கிறான்' என்று சொல்லிவிடுகிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பெண் பார்ப்பதில்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை, நாப்கின், தாய்சேய் நலம் என்று களப்பணி பெண்பிள்ளைகளைச் சுற்றியே அமைந்திருப்பதால், பையன்கள் எளிதில் கண்ணில் படாமல் போகிறார்கள். தனியாக மனதில் வைத்துத் தேடினால்தான் தெரியும்.

சட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. காவல் நிலையம், மருத்துவமனை, குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, சிறப்பு நீதிமன்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை எழுதியிருக்கிறது. பிள்ளை கைவிடப்படுவது பெரும்பாலும் ஓர் அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும் நடுவில். அந்த இடைவெளியில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த முகம் ஒன்று இருக்குமானால் அது ஊர் நர்ஸம்மாவோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரோ, அங்கன்வாடி அக்காவோதான். துப்பறியும் வேலையை யாரும் இவர்களிடம் கேட்கவில்லை. அடுத்த கதவு திறந்ததா என்று நின்று பார்ப்பதே இவர்கள் செய்யக்கூடிய பெரிய காரியம்.

முதலில் அந்தப் பேச்சு. பிள்ளையைத் தனியாகப் பார்க்க ஒரு காரணம் வேண்டும்; துணை சுகாதார நிலையத்தில் அதற்குப் பஞ்சமில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க, பாப்பாவுக்கு எடை பாத்து ரத்தம் எடுக்கணும்" என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உள்ளே வந்ததும் கேட்க வேண்டியவை மிகக் குறைவு: என்ன ஆச்சு, கடைசியாக எப்போது, இப்போது வலியோ ரத்தப்போக்கோ இருக்கிறதா, இன்று இரவு அந்த ஆள் இருக்கும் வீட்டில்தான் படுக்கப் போகிறாயா. இதற்கு மேல் தோண்டக் கூடாது. "ஏன் அப்பவே சொல்லலை", "நீ ஏன் அங்க போன" என்ற கேள்விகள் வாயில் வரவே கூடாது. அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே தேதி, நேரம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உடல் உறுப்புக்குக் குழந்தை என்ன சொல் சொன்னதோ அதே சொல். நாகரிகமாக மாற்றி எழுதினால், பின்னால் நீதிமன்றத்தில் "இது குழந்தை பேசும் பேச்சா, யாரோ சொல்லிக்கொடுத்ததா" என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், என்கிட்ட சொல்லு" என்று சத்தியம் செய்வது. அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சத்தியம் செய்த இரண்டாம் நாள் காவல்துறை வந்து நின்றால், அந்தப் பிள்ளை அதன்பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது. "நீ சொன்னது நல்லது பாப்பா. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. நான் இதைச் சில பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இவ்வளவு போதும். இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நிறைவேற்றக்கூடியது.

தகவல் தெரிவிப்பதில் களப்பணியாளர்கள் தடுமாறும் இடம் மேலதிகாரி. மருத்துவ அலுவலருக்குச் சொல்வது அவசியம், ஆனால் அதோடு கடமை முடிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தாலும், அது காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலே போதும். அதற்கு ஒரு பதிவு எண் கொடுத்து, எழுதி, சொன்னவருக்குப் படித்துக்காட்ட வேண்டியது காவல்துறையின் பொறுப்பு. யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம், பதிவு எண் என்ன என்று தன் நோட்டில் குறித்துக்கொள்பவருக்குப் பின்னால் தொந்தரவு வராது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது சிவிலாகவோ குற்றவியலாகவோ பொறுப்பு சுமத்த முடியாது என்பதும் அதே 19ஆம் பிரிவில்தான் இருக்கிறது. "நம்ம ஸ்டேஷன் எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் தகவலை வாங்கச் சொல்கிறது என்பதை அங்கேயே சொல்லலாம்.

ஊர்ப் பெரியவர்களிடமோ ஊராட்சித் தலைவரிடமோ போகவே கூடாது. 'சமாதானம்' என்று தொடங்கும் பேச்சு, அந்தப் பிள்ளையை அதே ஆளுக்குக் கட்டிவைப்பதில்கூடப் போய் முடிந்திருக்கிறது.

இனி மருத்துவமனை. இங்கே நேரம்தான் எல்லாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பருவமடைந்த பெண் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. இதுவும் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். 120 மணி நேரம் வரை கொடுக்கலாம், பலன் குறைந்துகொண்டே போகும். மாத்திரை விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போகும் வழியில் வாந்தி எடுத்ததை யாரும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி, பால்வினை நோய்களுக்கான மருந்து இவையும் உண்டு. உடலில் இருந்து எடுக்கும் மாதிரிகளில் தடயம் கிடைக்கும் வாய்ப்பு மூன்று நாளுக்குப் பிறகு வெகுவாகக் குறைகிறது என்றாலும், 96 மணி நேரம் வரை எடுக்கச் சொல்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். அந்தக் காலக்கெடு தாண்டிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போவது வீணில்லை. காயத்துக்கும் தொற்றுக்கும் மனத்துக்கும் சிகிச்சை எப்போதும் தேவை.

அம்மாக்கள் முதலில் செய்வது பிள்ளையைக் குளிப்பாட்டி, உடையைத் துவைத்துப் போடுவதுதான். அது பாசத்தில் செய்வது, திட்டக் கூடாது. இன்னும் துவைக்கவில்லை என்றால் அப்படியே விடச் சொல்லலாம். அன்று போட்டிருந்த உடைகளை நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து, தடயம் கெட்டுவிடும். காகிதப் பை இல்லையென்றால் அச்செழுத்து இல்லாத பழுப்புத்தாள் போதும். துவைத்துவிட்டிருந்தாலும் கொண்டுபோகலாம், வேண்டாம் என்று நாமே முடிவு செய்ய வேண்டியதில்லை.

கூடப் போகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பையை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது. அதில் முதலில் வைக்க வேண்டியது ஒரு மாற்றுடை, உள்ளாடை உட்பட. தடயத்துக்காக அவள் உடையை வாங்கிக்கொண்ட பிறகு, போட்டுக்கொள்ள வேறு துணி இல்லாமல் ஒரு பதினான்கு வயதுப் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு வார்டில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அப்புறம் நாப்கின், பிஸ்கட், தண்ணீர், போன் சார்ஜர், பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழின் நகல். வயதுச் சர்ச்சை வந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றிதழையோ மெட்ரிகுலேஷன் சான்றிதழையோதான், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு எக்ஸ்ரே. கையில் சான்றிதழ் இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

அவசரப் பிரிவில் "போலீஸ் மெமோ எங்க?" என்று கேட்டால் அசரக் கூடாது. காவல்துறைக் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 6ஆம் விதி சொல்கிறது. அரசோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர மறுப்பதே தண்டனைக்குரிய குற்றம். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். அந்த வேறொருவர் நீங்களாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வயதைக் கடந்தவள் என்றால் அவளுடைய சம்மதத்தையும் கேட்க வேண்டும். தடயம் எடுக்க வேண்டாம் என்று அவள் சொன்னால், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்த முடியாது. கன்னித்தன்மை பார்ப்பதாகச் சொல்லிச் செய்யும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022இல், அதைச் செய்பவர் தொழில்முறைத் தவறு இழைத்தவராகக் கருதப்படுவார் என்றும் சொல்லிவிட்டது. கிளம்பும் முன் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

மருந்து விஷயத்தில் நழுவுவது முதல் நாளில் இல்லை, ஐந்தாம் நாளில். 28 நாள் மருந்தில் சில நாளுக்கு மட்டும் கொடுத்து, மீதிக்கு எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரச் சொல்லியிருப்பார்கள். மலைக்கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். குமட்டல் வேறு. அம்மா நிறுத்திவிடுவார். அந்த மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்று சொல்வதும், ஆறாம் வாரமும் மூன்றாம் மாதமும் மறு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் வழக்கமான வீட்டுச் சந்திப்புக்குள்ளேயே செய்துவிடக் கூடியவை. அக்கம்பக்கத்துக்குச் சந்தேகமும் வராது. சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை முதல் நாள் 'இல்லை' என்று காட்டினால் நிம்மதியாகிவிடக் கூடாது. அது முன்பே கர்ப்பம் இருந்ததா என்று மட்டும்தான் காட்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும்.

கர்ப்பம் உறுதியானால் வாரக் கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். வல்லுறவுக்கு உள்ளானவர், பதினெட்டு வயது நிரம்பாதவர் போன்றோருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கலைக்கலாம். அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும், அதற்குள் இன்னும் சில வாரங்கள் ஓடிவிடும். பதினெட்டு வயதுக்குட்பட்டவளுக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் தேவை. ஆனால் கலைப்பதா பெறுவதா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்காமல் குடும்பமே முடிவு செய்துவிடக் கூடாது. கலைத்தால் அந்தத் திசு டி.என்.ஏ. சோதனைக்குச் சாட்சி. ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும். விசாரணை அதிகாரிக்கு முன்பே தகவல் போய்விட்டதா என்று அறுவை அரங்குக்குள் போகும் முன் ஒரு முறை கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டதால் வழக்கின் முதுகெலும்பே போன கதைகள் உண்டு.

இன்னொன்றையும் செவிலியர்கள் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. வழக்குக்குப் பயந்து நாட்டு மருந்தையும் மருந்துக்கடை மாத்திரையையும் விழுங்கி ரத்தம் கொட்டக் கொட்ட வரும் பெண்களை எண்ணிப் பார்த்தால், இந்தத் தீர்ப்பு எத்தனை உயிருக்குச் சமம் என்று புரியும். களத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இதோடு சேர்ந்தே வருவது காதல் வழக்குகள். பதினேழு வயதுப் பெண், பத்தொன்பது வயதுப் பையன், இருவரும் விரும்பித்தான். சட்டத்தின் கண்ணில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பதே கிடையாது. கல்யாணமே ஆகியிருந்தாலும் அப்படித்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியான ஒரு வழக்கை ரத்து செய்தபோது, இளவயதுக் காதலை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. ஆனால் எது காதல், எது மிரட்டல் என்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் செவிலியர் இல்லை. 'விருப்பப்பட்டுத்தான்' என்று சொல்லும் பெண் இன்னொரு நாள் வேறு மாதிரி சொல்லலாம். தகவல் தெரிவிப்பதும், அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைப்பதும், பிரசவப் பராமரிப்பு ஒரு நாளும் தவறாமல் பார்ப்பதும் செவிலியரின் வேலை. வழக்குக்குப் பயந்து பதிவே செய்யாமல் ஒளித்துவைக்கப்படும் கர்ப்பத்தில்தான் ரத்தசோகையும் வலிப்பும் யாருக்கும் தெரியாமல் முற்றும். அந்த பயத்தைக் குறைக்கும்படி சட்டத்தையே திருத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதுவரை, திட்டாமல் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் ஒரு நர்ஸம்மா இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாக்குமூலத்துக்கு வருவோம். குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நடப்பில், ஜீப் தெருமுனைக்கு வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் துணை சுகாதார நிலையத்தையோ அங்கன்வாடியையோ இடமாகச் சொல்லலாம். தடுப்பூசி நாள் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து. காவல்துறை, மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, நீதித்துறை நடுவர் என்று வரிசையாக இவளைக் கேட்கப்போகிறார்கள். அதற்கு முன்பே தன்னார்வலர், செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், மருத்துவ அலுவலர் என்று நாம் நான்கு பேர் கேட்டுவிட்டால் அவள் களைத்துப்போவாள். ஒருவர் கேட்டு எழுதியதை மற்றவர்கள் படித்துக்கொண்டால் போதும்.

குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருந்தால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துப் போக வேண்டும். பிள்ளையை அங்கிருந்து எடுக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் முடிவெடுக்கும். இங்கே அம்மாவின் நிலையைப் பார்க்காதவர்கள் அம்மாவையே வில்லியாக்குவார்கள். சம்பாதிப்பவன் சிறைக்குப் போனால் அடுத்த வார அரிசிக்கு என்ன வழி என்று கணக்குப் போடும் அம்மாதான் பின்னால் பிறழ்சாட்சி ஆகிறார். இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. போக்சோ விதிகளின் 8ஆம் விதிப்படி உணவு, உடை, போக்குவரத்து போன்ற அத்தியாவசியச் செலவுக்குக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். குழு கூடும் அன்றே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன நின்றது, பஸ் செலவு எவ்வளவு. வாயால் கேட்டால் மறந்துபோகும்.

அதே நாளில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: துணை நபர். விசாரணை முடியும்வரை குழந்தையோடு இருக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. இவர்களை நியமிப்பதை உறுதி செய்யச் சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. நியமன ஆணையின் நகலும் அவருடைய எண்ணும் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். அவர் வந்துவிட்டால் செவிலியரின் பாரம் பாதி குறையும்.

நீதிமன்றம் குற்றத்தை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடுமானவரை ஒரு வருடத்துக்குள் வழக்கு முடிவு என்கிறது போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு. நடப்பில் இழுக்கிறது. சம்மன் வரும் நாள் காலாண்டுத் தேர்வாக இருக்கும். நீதிமன்ற வாசல் டீக்கடையில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) உறவினர்கள் நிற்பார்கள். அவர்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, நின்றாலே போதும், பிள்ளையின் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேறு வாசல் இருக்கிறதா, காத்திருக்கும் அறை எது, கழிப்பறை எங்கே என்று முந்தின நாளே துணை நபர் மூலம் கேட்டுவைத்துவிட வேண்டும். எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்வது அவள் உரிமை. திரை போடச் சொல்லி அரசு வழக்கறிஞரிடம் முன்பே நினைவூட்டலாம்.

இழப்பீடு தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். அது தடைபடுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்: ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து, தலைப்பெழுத்து முன்னும் பின்னும். வழக்கு தொடங்கிய மாதத்திலேயே பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கிவிடுவது நல்லது, பாதுகாவலராகக் குற்றவாளியின் பக்கத்து ஆள் யாரும் இல்லாமல்.

கடைசியாகச் சுகாதாரப் பணியாளரைப் பற்றி. அவர் அதே ஊரில், சில நேரம் எதிரியின் அடுத்த தெருவில் இருப்பவர். பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் வெளியிடுவது சட்டப்படி குற்றம்; பயண நாட்குறிப்பிலும் எழுதக் கூடாது. அதற்கு ஒரு தனி எண்ணோ எழுத்தோ போதும், குறிப்பு நோட்டு பூட்டுக்குள். மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவரிடம் நேரில் சொல்லி, அந்தப் பிள்ளையையும் ஒரு முறை சேர்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு வழக்கோடு மருத்துவமனைக்கும் குழுவுக்கும் போகும் நாளில் அவருடைய தடுப்பூசிப் பட்டியலும் கர்ப்பிணிகளுக்கான பிக்மி இணையப் பதிவும் அப்படியே நிற்கின்றன, மறுநாள் கூட்டத்தில் அதற்குத் திட்டு விழுகிறது. துணைபோகும் நாளைப் பணிநாளாகக் கணக்கெடுத்து, பயணப்படி கொடுத்து, அன்றைய களவேலைக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்பும்படி வட்டார மருத்துவ அலுவலரே எழுத்தில் உத்தரவு போட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.